பெயரில்லாத பொத்தான்கள்

"பட்டன்" என்றது கணினி. டேப் விசையை அழுத்தினேன். "பட்டன்." மறுபடி அழுத்தினேன். "பட்டன். லிங்க். பட்டன். பட்டன்."

"சட்டையாடா தைக்கிற?" என்று அக்கா சமையலறையிலிருந்து கத்தினாள். "காலையிலேருந்து பட்டன் பட்டன்னு உயிர வாங்குது."

"மெயில் தொறக்கறேன்க்கா."

"இத்தன பட்டன் இருந்துமா தொறக்கல?"

திறந்துதான் இருந்தது. எது எங்கே இருக்கிறது என்பதுதான் தெரியவில்லை. முந்தின நாள்வரை ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு பெயர் இருந்தது. எழுது, அனுப்பு, அழி. இன்று எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். பார்க்கிறவர்களுக்கு ஒவ்வொன்றின்மேலும் சின்னப் படம் தெரியுமாம். பென்சில், குப்பைக்கூடை, அம்புக்குறி. படத்துக்குப் பின்னால் ஒரு சொல்லை எழுதிவைத்திருந்தால் என் கணினியில் இருக்கும் திரைவாசிப்பான் அதைப் படித்துச் சொல்லும். யாரும் எழுதிவைக்காவிட்டால் தனக்குத் தெரிந்த ஒரே உண்மையைச் சொல்லும். பட்டன்.

ஒன்றை அழுத்திப் பார்த்தேன். ஏதோ நடந்தது. என்ன நடந்தது என்று அது சொல்லவில்லை. நானும் நடந்ததற்கு ஒப்புக்கொண்டவனைப்போல உட்கார்ந்திருந்தேன்.

பழைய எளிய தோற்றத்தை எடுத்துவிடப்போகிறோம் என்று அந்த மெயில் நிறுவனம் பல மாதங்களாகப் பக்கத்தின் தலையில் எழுதிவந்தது. தினமும் கேட்டேன். ஸ்டேஷனில் வேறு ஊர் ரயிலுக்குச் செய்யும் அறிவிப்பைக் கேட்பதுபோலக் கேட்டேன். நமக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எனக்கு நாற்பத்தாறு வயது. பதினாறில் மாலை வெளிச்சத்தில் எழுத்து மங்கத் தொடங்கி, முப்பதுக்குள் பகலிலும் ஒன்றும் தெரியாமல் போன கண்கள். மலேசியாவில், குளுவாங் ஊரில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர். பெயர் லோகேஸ்வரன். அக்கா செல்வராணியும் அவள் கணவரான மாமாவும் இருக்கும் வீட்டில் பின்னறை என்னுடையது. பார்வையற்றோர் கூட்டங்களில் மைக் கிடைத்தால் "கணினி நம் கண்" என்று பேசுகிறவன் நான்தான். கைதட்டல் எந்தப் பக்கமிருந்து அதிகம் வருகிறது என்று கவனித்து, அந்தப் பக்கம் திரும்பி இன்னும் கொஞ்சம் பேசுவேன்.

அன்று அந்த மெயில் பெட்டிக்குள் ரூபினியின் மெயில் ஒன்று இருந்தது.

ரூபினி சாஆ என்ற ஊரில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். டவுனில் ஒரு மசாஜ் நிலையத்தில் வேலை. பிறவியிலிருந்தே பார்வை இல்லை. எங்களைப் போன்றவர்களுக்கென்று இருக்கும் ஒரு மெயில் குழுவில் பழக்கம். உலையின் சத்தத்தை வைத்துச் சோறு வெந்துவிட்டதா என்று கண்டுபிடிப்பது எப்படி என்று அந்தக் குழுவில் நான் ஒரு நீண்ட கட்டுரை எழுதினேன். வாழ்க்கையில் ஒரு முறைகூட நான் சோறு வடித்ததில்லை. ரூபினி எனக்கு மட்டும் தனியாகப் பதில் போட்டாள்: "உங்க கட்டுரைப்படி செஞ்சேன். சத்தம் ரொம்ப நல்லா இருந்துச்சு. பானைய தூக்கிப் போட்டுட்டோம்."

அதிலிருந்து எழுதிக்கொண்டோம். தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்போம். என் கணினிக்குள் இருக்கும் வெள்ளைக்காரக் குரல் அதைப் படிக்கும். "சாப்பிட்டீங்களா" என்பதை, ஊருக்குப் புதிதாக வந்த பாதிரியார் பிரசங்கத்தைத் தொடங்குவதுபோலச் சொல்லும். அந்தப் பாதிரியார் வழியாகத்தான் எனக்கு அவள்மேல் பிரியம் வந்தது.

போனில் பேசலாமே என்று ஒருமுறை கேட்டேன். அவள் எழுதினாள்: "வேணாம். கொரல நம்பி ஒரு தடவ ஏமாந்துட்டேன். ரேடியோல பேசுற மாதிரி கொரல். ஆள் அப்படி இல்ல. மத்தவங்க மூஞ்சியப் பாத்து ஏமாறுவாங்க, நான் கொரலக் கேட்டு ஏமாறுவேன். நீங்க எழுதுங்க. நீங்களே எழுதுங்க. வேற ஆள் கை பட்டா எனக்குத் தெரியும்."

டெலிபோன் ஆபரேட்டராகப் பல ஆண்டுகள் மெருகேற்றிய என் குரல் அந்த இடத்தில் செல்லாமல் போனது. என்னிடம் இருந்த ஒரே அழகு அது.

போன வாரம் அவள் எழுதியதில் ஒரு செய்தி இருந்தது. அண்ணன் சிரம்பானில் ஒரு மாப்பிள்ளை பார்த்திருக்கிறார். அதைப்பற்றி அடுத்த மெயிலில் எழுதுகிறேன் என்று முடித்திருந்தாள். அந்த அடுத்த மெயில்தான் இப்போது பொத்தான்களுக்கு நடுவில் எங்கோ கிடந்தது. ரூபினி எனக்கு மனைவியாக வருவாளா, சிரம்பானுக்குப் போவாளா என்பது அதில் இருந்தது. நான் டேப் விசையை அழுத்திக்கொண்டிருந்தேன்.

"அக்கா" என்று கூப்பிட்டேன். கூப்பிட்டிருக்கக் கூடாது.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "நகரு. எங்க? ரூபினின்னு ஒண்ணு இருக்கு. இதுவா?"

"அதான்."

சத்தமே இல்லை. மனதுக்குள் படிக்கிறாள்.

"சத்தமாப் படிக்கா."

"இரு லா. படிச்சாத்தான சொல்ல முடியும்?" மௌஸை உருட்டும் சத்தம். "ம்ம். நல்லா இருக்கியான்னு கேக்குது. வேலையெல்லாம் எப்படின்னு கேக்குது. அண்ணன் சிரம்பான்ல மாப்ள பாக்குறாராம்."

"அவ்வளவுதானா?"

"மீதியெல்லாம் கத."

"அந்தக் கதையப் படி."

"இங்கிலீஸ் எழுத்துல தமிழப் படிச்சா எனக்குத் தல சுத்துதுடா. அதான் சாரத்த சொல்லிட்டேன்ல?"

அக்கா எனக்கு வாசிப்பது புதிதல்ல. லாயாங் லாயாங் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தபோது, என் எஸ்.பி.எம் பள்ளித் தேர்வுப் புத்தகங்களை அவள்தான் படித்துக்காட்டினாள். அவளுக்குச் சலிப்புத் தட்டிய பக்கங்களைத் தாண்டிவிடுவாள். சரித்திரத் தாளில் கேட்டதெல்லாம் தாண்டிய பக்கங்களிலிருந்து. அவள் மேல் எனக்கு வருத்தமில்லை. அந்தப் பக்கங்கள் எனக்கும் சலிப்பாகத்தான் இருந்திருக்கும்.

"இந்தப் பொண்ணுக்கு உம்மேல விருப்பம்டா" என்றாள் அக்கா. "ஏன் எங்கிட்ட சொல்லல? நாப்பத்தாறு வயசுல திருட்டு லெட்டரு."

"லெட்டர் இல்லக்கா. மெயில்."

"அலமாக், பெரிய வித்தியாசம். நகரு, நான் பதில் போடறேன்."

"நான் சொல்றத மட்டும் அடி."

"சொல்லு, சொல்லு."

சொன்னேன். அடித்தாள். நான் சொல்லி முடித்த பிறகும் அடித்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னும் என்னக்கா?"

"பெரியவங்க சார்புல ரெண்டு வார்த்த போட வேணாமா? மொட்டையா இருக்கு."

பிறகு அலமாரி திறக்கும் சத்தம். அதன் பிறகு அவள் கைபேசியில் படம் எடுக்கும் சத்தம்.

"அது என்னது?"

"உன் ஜாதகம். போட்டோ புடிச்சு சேத்து அனுப்பிட்டேன். பாக்கட்டும்."

"யாரு பாக்கறது?"

"அந்தப் பொண்ணுதான்." சொன்ன பிறகு அது அவள் காதிலும் விழுந்திருக்க வேண்டும். எழுந்து போகும்போது வாசலில் நின்றாள். "அண்ணன் பாப்பாரு லா" என்றாள்.

ரூபினியின் கணினி அதை எப்படிப் படிக்கும் என்று எனக்குத் தெரியும். "இமேஜ்." ராசிக் கட்டங்கள், கிரகங்கள், என் தோஷம் எல்லாம் சேர்த்து ஒரே சொல்.

கைபேசியில் மெயில் பார்க்கலாமே என்று யாரும் கேட்பார்கள். பேசும் கைபேசிகள் எங்களவர் எல்லோரிடமும் இருக்கின்றன. என்னிடம் இருப்பது பழைய பொத்தான் கைபேசி. வழவழப்பான கண்ணாடியைத் தடவிக்கொண்டிருப்பது என் கொள்கைக்கு ஒத்துவராது என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறேன். ஒருமுறை அக்காவின் கைபேசியில் பழகிப் பார்த்தேன். நான் இடுப்பில் சாரம் மட்டும் கட்டி உட்கார்ந்து தடவிய தடவலில் மாமாவின் முதலாளிக்கு வீடியோ அழைப்பு போய்விட்டது. அவர் "ஹலோ, ஹலோ" என்றார். நான் அதைக் கைபேசி பேசுகிறது என்று நினைத்து, அதன் உச்சரிப்பைப் பாராட்டினேன். அன்றைக்குப் பிறந்தது கொள்கை.

அக்கா எழுதியதைச் சரிசெய்ய நானே எழுதுவது என்று முடிவுசெய்தேன். அக்கா மீன் வாங்கப் பாசாருக்குப் போன நேரம். மாமா கூடத்தில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்கக்கூடாது என்று கணினியின் ஒலியை மிகவும் குறைத்தேன். பொத்தான்களைத் தாண்டித் தாண்டி, ரூபினியின் மெயில் என்று எனக்குப் பட்ட ஓர் இடத்தில் நின்றேன். பதில் எழுதும் கட்டத்துக்குள் இருப்பதாக நம்பினேன்.

பள்ளியில் தமிழாசிரியர் சொல்லிக்கொடுத்தபடி விளித்துத் தொடங்கினேன். அன்புள்ள ரூபினி, ஆச்சரியக்குறி. பிறகு எழுதினேன். நிறைய எழுதினேன். ஜாதகத்தைப் பொருட்படுத்த வேண்டாம் என்று எழுதினேன். தனிமையைப்பற்றி ஒரு பத்தி, மழையின் சத்தத்தைப்பற்றி ஒரு பத்தி. கணினி ஏதேதோ முணுமுணுத்தது. உடன்படுகிறது என்று எடுத்துக்கொண்டேன். என் வாழ்நாளில் நான் எழுதிய மிகச் சிறந்த உரைநடை அது என்று இன்றும் நினைக்கிறேன். அதை மறுக்க ஆளில்லை. ஒரு வரியும் எங்கும் பதிவாகவில்லை.

நான் கட்டத்துக்கு வெளியே நின்று அடித்துக்கொண்டிருந்தேன். புதிய தோற்றத்தில், வெளியே நின்று அடிக்கும் ஒவ்வோர் எழுத்தும் ஒரு கட்டளை. ஓர் எழுத்து மெயிலைப் பழைய மெயில்களின் கிடங்குக்கு அனுப்பும். ஒன்று நட்சத்திரம் குத்தும். ஒன்று வாயை அடைக்கும். அவசரக்காரர்களின் வசதிக்காகச் செய்தது. தனிமையைப்பற்றிய பத்தியில் மின்கட்டண ரசீதுகள் நட்சத்திரம் பெற்றன. மழையைப்பற்றிய பத்தியில் எல்லாமே கிடங்குக்குப் போயின. முடித்துவிட்டு ஒலியைக் கூட்டியபோது கணினி தெளிவாகச் சொன்னது: "இங்கே உரையாடல்கள் எதுவும் இல்லை."

இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அன்று, மெயில் போய்விட்டது, அதனால்தான் பெட்டி இவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று நினைத்தேன்.

பதில் வரவில்லை.

வேலை முடிந்து வந்ததும் கேட்பேன். அக்கா பெட்டியைத் திறந்து பார்ப்பாள். "அந்தப் பொண்ணு ஒண்ணும் போடலடா." மறுநாளும் அதே. அதற்கடுத்த வாரமும் அதே. "சிரம்பான்காரனுக்குச் சரின்னுட்டா போல" என்று ஒருநாள் சொன்னாள். "ஜாதகம் பொருந்தலையோ என்னமோ. விடு, அவளுக்குக் கொடுத்து வைக்கல."

நான் அவளோடு சரியாகப் பேசுவதை நிறுத்தினேன். ஜாதகத்தை அனுப்பியவள் அவள்தானே. வேலையிடத்திலும் கவனம் போயிற்று. நில வரியைப்பற்றிக் கேட்டவரைத் தோட்டத் துப்புரவுப் பிரிவுக்கு அனுப்பினேன். அவர் திரும்பவும் அழைத்து, "தம்பி, எங்கிட்ட மரம் வெட்டணுமான்னு கேக்குறாங்க" என்றார். மன்னிப்புக் கேட்டேன். குரல் நன்றாகத்தான் இருந்தது.

கடைசியில் முருகப்பனை அழைத்தேன். ஜொகூர் பாருவில் இருக்கிறான். அவனுக்கும் பார்வை இல்லை. சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றுக்கு, வீட்டில் இருந்தபடியே, இணையப் பக்கங்கள் எங்களவருக்குப் பயன்படுமா என்று சோதித்துச் சொல்லும் வேலை. என்னைவிட வயதில் மிகவும் சிறியவன். என் "கணினி நம் கண்" சொற்பொழிவைக் குறைந்தது இரண்டு முறையாவது கேட்டுத் தொலைத்தவன்.

"அண்ணே, நீங்க இன்னும் அந்தப் பொட்டியிலதான் இருக்கீங்களா?" என்றான். "நீங்கதான எங்களுக்கெல்லாம் வகுப்பு எடுத்தீங்க? கணினி நம் கண்ணு, காது, மூக்குன்னு."

"கண்ணுல பொரை விழுந்துருச்சுப்பா."

"வேற பொட்டிக்கு மாறுங்கண்ணே."

"எதுக்கு மாறட்டும்?"

"அதான் தெரியல. தேடணும்."

தேடினோம். வேலை முடிந்து வந்து நான் இங்கே கணினியில் உட்காருவேன். அவன் அங்கிருந்து போனில் பேசுவான். முதலில் எழுத்தை மட்டும் காட்டும் உலாவி ஒன்றை என் கணினியில் இறக்கச் சொன்னான். படம் கிடையாது, அசைவு கிடையாது, விளம்பரம் கிடையாது. பக்கத்தில் உள்ள சொற்களை மேலிருந்து கீழே வரிவரியாகக் கொடுக்கும். பழைய காலத்துச் சரக்கு, ஆனால் திரைவாசிப்பானுக்கு ஒத்துப்போகும் என்றான். எனக்கு உடனே பிடித்துவிட்டது. அடுத்த கூட்டத்தில் இதைப்பற்றிப் பேசலாம் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

முதல் மெயில் நிறுவனம் எங்களை வாசலிலேயே நிறுத்தியது. "உங்கள் உலாவி மிகவும் பழையது" என்றது.

"உங்களச் சொல்லலண்ணே" என்றான் முருகப்பன்.

அடுத்தவற்றை என் வழக்கமான உலாவியில் திறந்தோம். இரண்டாவது, நான் மனிதன்தான் என்று நிரூபிக்கச் சொன்னது. போக்குவரத்து விளக்குகள் உள்ள படங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். படம் பார்க்க முடியாதவர்களுக்கு ஒலி உண்டு. அழுத்தினேன். கடலுக்குள் மூழ்கிக்கொண்டிருக்கும் ஒருவர் சில எண்களைச் சொன்னார். அவரைச் சுற்றி வேறு சிலரும் மூழ்கிக்கொண்டிருந்தார்கள். ஊரார் சொல்லும் எண்களைக் கேட்டு இணைப்புக் கொடுப்பது என் தொழில். தோற்றேன். மறுபடி தோற்றேன். கோபத்தை மறந்து அக்காவைக் கூப்பிட்டேன். அவள் படங்களைப் பார்த்தாள்.

"இதுல வெளக்கு இருக்கு. இதுல கம்பி மட்டும்தான் தெரியுது. கம்பி வெளக்குல சேத்தியா?"

"தெரியலக்கா."

"சேத்திதான். கம்பி இல்லாம வெளக்கு எப்படி நிக்கும்?"

அவளும் தோற்றாள். அந்த நிறுவனத்தின் கணக்கில் எங்கள் வீட்டில் மாமா ஒருவர்தான் மனிதராக இருக்க வாய்ப்பிருந்தது. அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது உள்ளே விட்டது. எழுதும் கட்டமும் கிடைத்தது. ஒவ்வோர் எழுத்தை அடித்ததும் கர்சர் கட்டத்தின் தொடக்கத்துக்கு ஓடிவிடும். என் பெயரை அடித்து, படித்துக்காட்டச் சொன்னேன். பாதிரியார் ஏதோ பேயை ஓட்டினார். இன்னொன்றில் எங்களைப் போன்றவர்களுக்காகவே ஒரு தனிப் பக்கம் இருந்தது. எல்லோரையும் அரவணைப்போம் என்று உருக்கமாக எழுதியிருந்தார்கள். மேலும் அறிய இங்கே, உதவிக்கு இங்கே, புகார் செய்ய இங்கே. என் உலாவியில் அந்தச் சுட்டிகளை மட்டும் வரிசையாகக் கேட்டேன். "இங்கே. இங்கே. இங்கே."

"பட்டனுக்கு இது தேவலாம்டா" என்று அக்கா கூடத்திலிருந்து சொன்னாள்.

"அண்ணே" என்றான் முருகப்பன், "அழகா இருக்கறதையெல்லாம் விட்டுருவோம். அசிங்கமா இருக்கறதத் தேடுவோம்."

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவனே அழைத்தான். எங்கோ ஒரு சிறிய குழு நடத்தும் மெயில் சேவையாம். அவன் மனைவி திரையைப் பார்த்துவிட்டு, பழைய ஆப்பீஸ் நோட்டீஸ் போர்டுபோல இருக்கிறது, இதற்கா இத்தனை நாள் அலைந்தீர்கள் என்று கேட்டாளாம். எனக்கு நம்பிக்கை வந்தது.

எழுத்து உலாவியில் திறந்தேன். "வந்தவை" என்றது. கீழ் அம்பை அழுத்தினேன். "எழுது." இன்னொன்று. "அடுக்குகள்." இன்னொன்று. "வெளியேறு." ஒவ்வொன்றுக்கும் பெயர் இருந்தது. மேலும் கீழுமாகப் போய் எல்லாவற்றையும் திரும்பத் திரும்பக் கேட்டேன். வெளியேறு என்பதைக்கூட.

"பழைய பொட்டியில இருந்தத எல்லாம் இங்க இழுத்துட்டேண்ணே, நீங்க குடுத்த பாஸ்வேர்ட வெச்சு" என்றான் முருகப்பன். "எல்லா அடுக்கும் வந்துருக்கு. சரியா இருக்கான்னு பாருங்க."

வந்தவை காலி. கிடங்கில் மின்கட்டணமும் மற்றவையும் இருந்தன. அடுத்த அடுக்கு, ஸ்பேம் என்கிற குப்பை. நான் பரிசுக் குலுக்கலில் வென்றிருந்தேன். எனக்குக் குறைந்த வட்டியில் கடன் தயாராக இருந்தது. முடி வளர வழி இருந்தது. அதற்குக் கீழே ரூபினி. அதற்குக் கீழே ரூபினி. இன்னும் கீழே போனேன். ரூபினி. ரூபினி.

"முருகப்பா, இங்க எப்படிப் போச்சு?"

அன்று நான் என்ன அடித்தேன் என்று விசாரித்தான். முதலிலிருந்து சொன்னேன்.

"ஆச்சரியக்குறி போட்டீங்களாண்ணே?"

"போட்டேன். கூப்பிடும்போது போடணும்."

"அந்தப் பொட்டியில, கட்டத்துக்கு வெளிய நின்னு அதப் போட்டா இது ஸ்பேம்னு அர்த்தம். ஒரு தடவ சொன்னாப் போதும், அது மறக்காது. அதுக்கப்புறம் அவங்க எழுதுனது எல்லாத்தையும் நேரா குப்பையில போட்டுருக்கு." சிரிப்பை அடக்கினான். முடியவில்லை. "அன்புள்ள ரூபினின்னு சொல்லிக்கிட்டே தூக்கிப் போட்டுருக்கீங்கண்ணே."

போனை வைத்தேன். அக்காமேல் எத்தனை நாள் கோபத்தில் இருந்தேன் என்று யோசித்தேன். யோசனையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று மெயிலைத் திறந்தேன்.

முதலில், அக்கா சாரம் சொன்ன மெயில். முழுக்கக் கேட்டேன். அவள் கதை என்று தாண்டிய இடத்தில் இது இருந்தது: "அண்ணன் எனக்காக முடிவு பண்றாரு, அண்ணி பண்றாங்க, மொதலாளி பண்றாரு. நான் என்ன செய்யணும்னு நீங்களும் சொல்லிடாதீங்க. நீங்க என்ன நெனைக்கிறீங்கன்னு மட்டும் எழுதுங்க."

அடுத்தது: "ஒரு படம் வந்துருக்கு. என்ன படம்? உங்க படமா? யார்கிட்ட கேக்கறதுன்னு வெக்கமா இருந்துச்சு. அப்புறம் அண்ணி பாத்துட்டு ஜாதகம்னு சொன்னாங்க. எழுதினது நீங்க இல்ல. 'தங்கள் குடும்பத்தாருக்கு எங்கள் குடும்பத்தாரின் அன்பான வணக்கங்கள்'. நீங்க இப்படி எழுத மாட்டீங்க. எழுதுவீங்களா?"

அடுத்தது ஒரே சொல். "கோவமா?"

கடைசி மெயில் வியாழக்கிழமை வந்தது. "சிரம்பான்காரங்களுக்கு ஞாயித்துக்கெழம மத்தியானம் பதில் சொல்லணுமாம். அண்ணன் கேட்டுக்கிட்டே இருக்காரு. அதுக்குள்ள எழுதறதுன்னா எழுதுங்க. நீங்களே எழுதறதுன்னா."

நாளை ஞாயிறு.

"எழுது" என்பதை அழுத்தினேன். கட்டம் திறந்தது. "எழுதும் கட்டம்" என்று அது தன் பெயரையும் சொன்னது. தொலைந்துபோன என் மகத்தான உரைநடையை நினைவிலிருந்து மீட்டு எழுதத் தொடங்கினேன். தனிமையைப்பற்றிய பத்தி வந்தது. படித்துக்காட்டச் சொன்னேன். பாதிரியார் படித்தார். இதைக் கேட்டால் நானே சிரம்பானுக்குச் சரி சொல்லிவிடுவேன் என்று தோன்றியது. அழித்தேன்.

சிரம்பான்காரர் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்று எழுதினேன். அதையும் அழித்தேன். என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாதீர்கள் என்றுதான் அவள் எழுதியிருந்தாள்.

அக்கா அறைக்குள் வந்தாள். கட்டிலில் உட்காரும் சத்தம் கேட்டது. "கெடச்சிருச்சா பொட்டி?"

"கெடச்சிருச்சு."

"அந்தப் பொண்ணு போட்டுருக்கா?"

"போட்டுருக்கா. முன்னாடியே போட்டுருக்கா. நான்தான் குப்பையில போட்டுட்டேன்."

"என்னடா சொல்ற? ஜாதகத்தாலன்னு நெனச்சு நான் எத்தன நாள் சரியாத் தூங்கல தெரியுமா?"

எனக்குத் தெரியவில்லை. கேட்டதும் இல்லை.

"சரி, என்ன எழுதற? நான் வேணா ஒரு தடவ பாக்கறேன். தப்புத் தப்பா அடிச்சிருப்ப."

"தப்பாவே போகட்டும்க்கா."

"ஒரு வார்த்த கூட சேக்கமாட்டேன் லா. பாக்க மட்டும்."

"வேணாம்க்கா."

அவள் எழுந்திருக்கவில்லை. "நீ சின்னதுலேருந்து எல்லாத்தையும் நான்தான் படிச்சுருக்கேன்" என்றாள். "உன் சம்பளக் கடுதாசி, ஆஸ்பத்திரி கடுதாசி எல்லாம். இதுல மட்டும் என்ன?"

"இது அவளுக்கு எழுதறதுக்கா."

கட்டில் விரிப்பைத் தட்டிச் சரிசெய்யும் சத்தம். பிறகு எழுந்து போனாள். போகும்போது கதவைச் சாத்தினாள். அந்தக் கதவு சாத்தப்பட்டு நான் கேட்டதில்லை. கீல் கத்தியது.

எழுதினேன். நிறுத்தக்குறிகளைக் கூடியமட்டும் தவிர்த்தேன். "ரூபினி, நடுவில் வந்த ஒரு மெயிலை என் அக்கா எழுதினாள். ஜாதகத்தையும் அவள்தான் அனுப்பினாள். நான் எழுதிய மெயில் உங்களுக்கு வரவில்லை, ஏனென்றால் நான் அதை எங்கும் எழுதவில்லை, அதைப் பிறகு விளக்குகிறேன், விளக்கினாலும் எனக்குப் பெருமையாக இருக்காது. நீங்கள் எழுதியதை எல்லாம் இன்றுதான் படித்தேன். எனக்கு உங்களைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசை. பயமும் இருக்கிறது. எனக்குச் சோறு வடிக்கத் தெரியாது. இதை நானே எழுதுகிறேன்."

படித்துக்காட்டச் சொன்னேன். பாதிரியார் எந்த உணர்ச்சியும் இல்லாமல் படித்தார். தப்புகள் இருந்தன. திருத்தவில்லை. கீழ் அம்பு. "அனுப்பு." அழுத்தினேன். "அனுப்பப்பட்டது" என்றது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அக்காவும் மாமாவும் காலையில் பாசாருக்குப் போனார்கள். நான் காலைப் பசியாறிவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். ஒன்றும் இல்லை. ஸ்பேம் அடுக்கையும் பார்த்தேன். அங்கும் இல்லை. துணிகளைத் துவைத்துக் காயப்போட்டேன். அக்கா திரும்பி வந்து மீன் கழுவினாள். மெயில் வந்ததா என்று கேட்டாள். இல்லை என்றேன். மத்தியானம் மழை வந்தது. துணிகளை உள்ளே எடுத்தோம். சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி திறந்தேன். ரூபினியின் மெயில் இருந்தது. சிரம்பான் வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டதாக எழுதியிருந்தாள். அண்ணன் பேசாமல் இருக்கிறாராம். எனக்கும் இன்னும் சரி என்று சொல்லவில்லை, யோசிக்க வேண்டும், அதுவரை எழுதுங்கள், போன் வேண்டாம் என்று எழுதியிருந்தாள். தப்புகள் நிறைய இருந்தன என்றும் எழுதியிருந்தாள். சிரம்பான் இல்லை என்பதை மட்டும் அக்காவிடம் சொன்னேன். சரி என்றாள். மாமா கூடத்தில் தூங்கினார். மூன்று மணிக்குப் பிறகு மழை விட்டது. நான் பதில் எழுதி அனுப்பினேன். அக்கா தேநீர் கலந்து கொண்டுவந்து வைத்தாள். குடித்தேன்.